வெடித்த பிறகு என்ன ஆகும்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். அப்போது சென்னையில் காமா கதிர் வெடிப்புகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். வானத்தில் எங்கிருந்தோ சில விநாடிகள் ஒரு வீச்சு வரும், போய்விடும். யாராவது திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று வேவு பார்க்க விட்ட செயற்கைக்கோள்களில் தற்செயலாகச் சிக்கிய சங்கதி அது. வெடிப்பது எதுவென்றே தெரியாத காலத்தில், அதைச் சுற்றியிருக்கும் வாயுவுக்கு என்ன நேரும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் துறையிலேயே அதை ஒரு வேலையாக யாரும் மதிக்கவில்லை.

பெண் வீடு அம்மையார்குப்பம். அவள் அப்பா சொந்தத் தறிகள் வைத்திருந்தார். அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் பெண் கொடுப்பவரில்லை. திருத்தணியில் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். அக்கா புருஷன், எங்கள் பாவா, என் மதிப்பைக் கூட்டுவதாக நினைத்து, நான் குண்டு சம்பந்தமான ரகசிய வேலையில் இருப்பதாகச் சொல்லிவைத்தார். டீக்கடைக்காரர் கொஞ்சம் சேர்த்தார். சலூனுக்குப் போவதற்குள் நானே குண்டு செய்கிறவனாகியிருந்தேன். பெண்ணின் அப்பாவுக்கு இதெல்லாம் பிடித்தே இருந்தது. குண்டு என்றால் சர்க்கார் உத்தியோகம், பென்ஷன் உண்டு.

பெண் பார்க்கப் போன இடத்தில் உண்மையைச் சொன்னேன். குண்டு இல்லை, வானத்தில் எங்கோ எதுவோ வெடிப்பதைப் பற்றிய ஆராய்ச்சி என்றதும் அவள் அப்பா முகம் சுண்டிப்போயிற்று. காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றிருந்த பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"வெடிச்சப்புறம், அதச் சுத்தி இருக்கறதுக்கு இன்னாங்க ஆவும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பேராசிரியர்கூட மூன்று வருஷமாகக் கேட்காத கேள்வி. கட்டினால் இவளைத்தான் என்று அந்த நொடியே முடிவுசெய்துவிட்டேன். அவளிடம் போய்ப் புளுகுவதா? தெரியவில்லை என்றேன். கொஞ்ச நாள் ஒளிரும் என்று நினைக்கிறேன், ஆனால் யாரும் பார்த்ததில்லை என்றேன். அவள் சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்து அவள் அப்பா பாவாவிடம் பதில் சொல்லிவிட்டார்.

"பையன் தங்கம்ங்க. ஆனா செய்யற வேலையப் பத்திக் கேட்டாலே தெர்லன்றாரு. இவர நம்பி எப்படிங்க பொண்ணக் குடுக்கறது?"

அவளை ஒரு சர்க்கார் குமாஸ்தாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் தன் சர்வீஸிலேயே யாரிடமும் தெரியாது என்று சொன்னவரில்லையாம். நாளைக்கு வாங்க என்றுதான் சொல்வாராம்.

பல வருஷங்கள் கழித்துத் தொலைநோக்கிகள் அந்த ஒளிர்வைப் பார்த்தன. வெடிப்பு வீசியெறிந்தது சுற்றியிருக்கும் வாயுவில் மோதி, நாள்கணக்கில் ஒளிர்ந்து மெல்ல மங்கியது. நான் நினைத்தது சரி. துறையில் எல்லோரும் கை குலுக்கினார்கள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அடுத்தவர் மனைவிக்கு வானத்தைப் பற்றிக் கடிதம் எழுதும் தைரியம் மட்டும் கடைசிவரை வரவில்லை.