மேசைக்கு வராத அண்ணன்

காலை எட்டு மணிக்கு நாகர்கோவிலில் ரயில் ஏறினேன். பாறசாலைக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் பத்து ரூபாய். இந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது.

முந்தின நாள் அண்ணன் மனைவி போனில் கூப்பிட்டிருந்தார். அவரை நான் மைனி என்றுதான் அழைப்பேன். அண்ணன் ஞானதாசுக்கு ஈரலில் புற்று. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு நம்ம வீட்டுக்கு அச்சன் திருவிருந்து கொண்டு வாறாரு. நீ வந்து மன்னிப்பு கேட்டா இவரு வாங்குவாரு. இல்லேன்னா இப்படியே போயிருவாரு, கேட்டியா?" என்றார்.

அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து மேசைக்கு மனத்தாங்கலோடு போகக் கூடாது என்பது எங்கள் சபைகளின் வழக்கம். பெரும்பாலோர் அதைக் காதில் வாங்கிக்கொள்வதோடு சரி. அண்ணன் அப்படியில்லை. திருவிருந்து ஞாயிறுகளில் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். காரணம் நான். ஒன்பது வருடத்துக்கு முன் அம்மா என் வீட்டில்தான் இறந்தாள். தான் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது, ஒரு மணி நேரம் பொறு என்று அண்ணன் போனில் கெஞ்சினார். நாலு மணி என்றால் நாலு மணிதான் என்று அடக்கத்தை முடித்துவிட்டேன். அவர் வந்து சேர்ந்தபோது மண் மூடியாயிற்று. அண்ணனுக்கு அம்மா முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

குழித்துறை ஆற்றைத் தாண்டும்வரை மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். வந்ததெல்லாம் வக்கீல் வாதம்.

ஒன்பதே காலுக்குப் பாறசாலை. ஆரியங்கோட்டுக்கு ஆட்டோ முந்நூறு ரூபாய் கேட்டது, பேரம் பேசவில்லை. யார் வீட்டுக்கு என்றார் ஓட்டுநர். சொன்னேன்.

"ஞானதாஸ் அண்ணனா? வெள்ளம் கூட தொண்டையில எறங்கல்லேன்னு சொன்னாவ. நீங்க ஆரு?"

"தம்பி."

"அவருக்குத் தம்பி உண்டுண்ணு எனக்குத் தெரியாதே," என்றார். பிறகு வழி முழுக்க ரப்பர் மரங்கள்தான். மழைக்காகப் பட்டையில் பிளாஸ்டிக் கட்டியிருந்தார்கள்.

பத்து மணிக்கு வீடு. அண்ணன் கட்டிலில் மஞ்சளாகக் கிடந்தார். வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. மைனி என்னைக் கட்டிலருகே தள்ளிவிட்டார். நான் வாயைத் திறந்து, "அண்ணா, அன்னைக்கு நல்ல மழை," என்றேன். அப்போதும் அடக்கத்தை முடித்ததற்குச் சாக்குதான் வந்தது. என் பிடிவாதத்தை என்ன சொல்ல!

"எலே, நான் ஒரு மணிக்கூறுதானே கேட்டேன்," என்றார் அண்ணன்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

சரியாகப் பதினோரு மணிக்கு அச்சன் என்று மைனி சொன்ன போதகர் வந்தார். சின்ன வயசு. ஜெபம் செய்து அப்பத்தை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் தலையை அசைத்தார். "மனசுல வச்சுக்கிட்டு வாங்கப்பிடாது அச்சா. கர்த்தருக்க மேசையாக்கும்." போதகர் மைனிக்குக் கொடுத்தார். அடுத்து என் பக்கம் வந்தார். நான் வழக்கம்போல் கை நீட்டி வாங்கி, வாயிலும் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ மாசாமாசம் வாங்குதியாலே?"

"வாங்குதேன்."

"உனக்கு ஒண்ணும் தோணல்லியா?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்போதுதான் நான் உடைந்தேன். தப்பு என்னுடையதுதான் என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்குள் வலி மருந்து அவரைத் தூக்கத்துக்குள் இழுத்துவிட்டது. கேட்டாரா என்று தெரியவில்லை. மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தேன். அவர் கண் திறக்கவேயில்லை.

மைனி வாசல்வரை வந்தார். "நாப்பது வருஷமா இந்த மனுஷனுக்க பிடிவாதத்த நான் தாங்குதேன். எனக்கே இவர விட மனசு வரல்ல. படைச்சவரு விட்டிருவாரா?"

அண்ணனைப் பற்றி அதை நான் அப்படியே நம்புகிறேன். அவர் எதையும் மறைக்காமல் போகிறார். வருகிற ஞாயிறு எங்கள் ஊர்க் கோயிலில் திருவிருந்து. என் பெஞ்சு முன்வரிசையில், மேசைக்குப் பக்கத்திலேயே. அதே இரக்கம் எனக்கும் உண்டா என்று கேட்க, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகப் பயமாக இருக்கிறது.