வெள்ளத்து நாட்டில் ஒரு கரிசல்காரன்

நான் கல்லூரியில் சேரப் போன காலத்தில் திருவனந்தபுரம் வேறு ராஜ்யம். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் வெள்ளைக்காரன் ஆட்சி. ஆரல்வாய்மொழி தாண்டினால் மகாராஜா ஆட்சி. காசு வேறு, தபால் வேறு, பேச்சு வேறு. அதனால் ஊரே திரண்டு எனக்குப் புத்தி சொன்னது. சொன்னவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலியையே பார்க்காதவர்கள்.

கருப்பட்டி வியாபாரம் செய்த அண்ணாச்சி ஒருவர் மட்டும் திருவனந்தபுரம் போயிருந்தார். மழைக்குப் பயந்து சரக்கைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு ஓடி வந்தவர். அந்த அனுபவம் போதாதா?

"ஏல, மலையாளம்னு தனியா ஒண்ணும் கெடையாது. நம்ம தமிழையே மூக்கால பேசு, முடிஞ்சுது. ஆனா கல்யாணப் பேச்சு எடுத்தான்னா மட்டும் உசாரா இரு. அங்க பொண்ணு நம்ம வீட்டுக்கு வராது. நீதான் அவ வீட்டுல போய்க் கெடக்கணும்."

அம்மா தன் பங்குக்குப் பெட்டியில் பெருங்காயப் பொட்டலம் ஒன்றை வைத்தாள். சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறந்த அதிகாரி அந்தப் பொட்டலத்தை ஒரு தடவை மோந்து பார்த்தார். அப்புறம் எதையும் தொடாமல் மூடிவிட்டார்.

கிழக்கேகோட்டைக்கு வெளியே ஒரு வீட்டு மாடியில் அறை கிடைத்தது. மலையடிவார ஊரான விதுராவிலிருந்து வந்த மலையாளி மாணவன் ஒருவன் என் அறைத்தோழன். வீட்டுக்காரர் சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவிலில் உத்தியோகம் பார்த்ததால் ஒருமாதிரித் தமிழ் பேசுவார். அவர் மனைவியும், தங்கை மகளும் கீழே இருந்தார்கள். அந்தப் பெண்ணை நான் நேராகப் பார்த்ததுகூட இல்லை. பள்ளிக்கூடம் போகும்போது குடை மட்டும் தெரியும்.

அண்ணாச்சியின் மூக்குத் தமிழ் முதல் நாளே கவிழ்ந்தது. "வெள்ளம் வேணோ?" என்று கேட்ட ஓட்டல்காரரிடம், எங்கள் ஊரில் மழையே இல்லை என்று வருத்தத்தோடு சொன்னேன். அவர் தண்ணீரை டக்கென்று வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் அனுப்பி அறைத்தோழன் வந்து, "எடோ, சார் நின்னோடு சம்சாரிக்கணம்னு பறஞ்ஞு" என்றான்.

எங்கள் ஊரில் சம்சாரம் என்றால் பெண்டாட்டி. அண்ணாச்சி தீர்க்கதரிசிதான் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் சலவைச் சட்டையைப் போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டுதான் இறங்கினேன்.

வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் நெளிந்தார். எதிரே பெஞ்சில் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல்லா. நீ நல்ல பையன். உங்க நாட்டு வழக்கம் வேற ஆயிருக்கும். ஆனா இங்க வந்தாச்சு. இந்தக் காரியம் இனியும் தள்ளிப்போட வேண்டா. என் தங்கச்சி மகதான் முதல்ல சொன்னா."

பெண்ணே சொன்னாளா! எனக்குக் காது சுட்டது.

"அப்பாவைக் கேக்காம நான் சம்மதிக்க முடியாதுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "இதுக்கு அப்பனைக் கேக்கணுமா?"

"ஆமாங்க. எனக்கு மேல ரெண்டு அக்கா இருக்காங்க. அவங்களுக்கு ஆகாம எனக்கு எப்படிங்க?"

"அவங்களுக்கும் ஆகல்லயா?"

"பெரிய அக்காவுக்கே இருபது வயசாச்சு. இன்னும் ஆகலைங்க. பஞ்சம் வேற."

அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "தெய்வமே! இருபது வயசு வரை ஒரு தடவைகூடக் குளிச்சிட்டில்லா?"

"குளியா?" என்றேன்.

"பின்னே? குளியைப் பத்தித்தானே நான் சம்சாரிச்சது!"

சம்சாரிப்பது என்றால் பேசுவது என்று மாடிப்படியில் நின்ற அறைத்தோழன் சிரிப்புக்கிடையே சொன்னான். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் சிரிப்பு. நான் என்னவென்று நினைத்தேன் என்பதை அவன் ஊகித்து விளக்கியதும், வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அது ஈரமண், பிளக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் எனக்குக் கோபம் வந்தது. "எங்க ஊர்ல தண்ணிக்கு ஒரு மைல் நடக்கணுங்க. சனிக்கிழமைதான் முழுக்கு. மத்த நாள் கைகால் கழுவிக்குவோம். நாங்க ஒண்ணும் அழுக்குப் பிடிச்சவங்க இல்ல" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அது எனக்குத் தெரியல்லா. க்ஷமிக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், புதுத் தோர்த்து ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். துவட்டிக்கொள்ளும் துண்டுக்கு அங்கே அந்தப் பெயர்.

மறுநாள் விடிந்ததும் அறைத்தோழன் என்னை வீட்டுப் பின்புறக் குளத்துக்கு இழுத்துப் போனான். இடுப்பளவு இறங்கி நின்றேன். இவ்வளவு தண்ணீரும் சும்மா கிடக்கிறது, காவலுக்கு ஒரு ஆள் இல்லை, குடத்தோடு வந்து சண்டை போட ஒரு பெண் இல்லை. முதலில் பயம். பிறகு யார் மீதென்று தெரியாத எரிச்சல். மூழ்கி எழுந்ததும் இரண்டும் போய்விட்டன. அவன் கரையில் நின்று கத்தும்வரை நான் வெளியே வரவில்லை. முதல் மணி வகுப்பு போயிற்று.

அதன்பின் அந்த வீட்டில் எனக்குப் பேச்சு வந்தது. தப்பாகப் பேசினேன், அவர்கள் திருத்தினார்கள், சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வெளிநாடு போகிற பிள்ளைகள் இப்போது யோசனை கேட்டால், போனதும் அவர்கள் எத்தனை தடவை குளிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளச் சொல்கிறேன். நம்புகிறவர்கள் குறைவு.

முதல் கோடை விடுமுறைக்கு ஊர் வந்தபோது காலையும் மாலையும் குளிக்கிற புத்தி ஒட்டியிருந்தது. ஒரு மைல் நடந்து போனால், கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. இரண்டாவது வாளியை இழுக்கும்போது காளைகளோடு வந்த அப்பா கயிற்றைப் பிடித்தார்.

"மாடு இன்னும் குடிக்கலப்பா" என்றார்.

நான் வாளியைத் தொட்டியில் கவிழ்த்தேன். காளைகள் இரண்டும் வந்து மூக்கை நனைத்துக்கொண்டன.