கம்பியைக் கழித்த கணக்கு

கொக்கட்டிச்சோலையில் எங்கள் அரிசி ஆலைக்கு வரும் நெல்லை நிறுப்பது என் வேலை. தராசு காட்டும் எடையில் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கொப்பியில் எழுதுவேன். அந்த விஷயத்தில் என் கண்ணில் மண் தூவ இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

முதுகுவலிக்கு டொக்டர் பாரம் தூக்கிப் பழகச் சொன்னதால் டவுனில் ஜிம்மில் சேர்ந்தேன். "வயல் வட்டைக்குள்ள இல்லாத பாரமா ஜிம்முக்குள்ள இருக்கு?" என்று கணவர் சிரித்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. என் எடை அறுபது கிலோ. அதே அறுபதை நிலத்திலிருந்து தூக்கிக் காட்டுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

கிழமைக்கு மூன்று பின்னேரம் ஸ்கூட்டியில் பாலம் கடந்து போனேன். கம்பியின் இரண்டு பக்கமும் பிளேட் பூட்டித் தூக்கிவிட்டு, பிளேட்டுகளைக் கூட்டி எழுதுவேன். நாற்பது வரை மளமளவென்று ஏறியது. பிறகு இரண்டு மாதமாக அசையவே இல்லை. வீட்டில் அவர் "எவ்வளவு?" என்று கேட்கும்போதெல்லாம் சட்டியைப் போட்டு உருட்டினேன்.

கடைசியில் பயிற்சி தரும் தங்கச்சியிடம் கொப்பியை நீட்டினேன். "என்னால ஏலாது தங்கச்சி. இந்த மாசத்தோட நிப்பாட்டப் போறன்."

அவள் கொப்பியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள். "அக்கா, கம்பிட நிறை எங்க?"

"கம்பியை யாரும் எழுதுவாங்களா? அது சாக்கு மாதிரித்தானே."

அவள் சிரித்த சிரிப்பில் நாலு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் கம்பியைத் தூக்கி, அங்கே ஆள் நிறுக்கும் தராசில் வைத்தாள். இருபது கிலோ. "நீங்க ரெண்டு மாசமா அறுபது தூக்கிறீங்க அக்கா."

எனக்கு வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ கூடப் பூட்டிவிட்டு, "இதைத் தூக்குங்க, மறுகா நிப்பாட்டுறதைப் பத்திக் கதைப்பம்" என்றாள். அறுபத்திரண்டரை என்று தெரிந்தபின் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக நின்றேன். தெரியாமல் தூக்கியபோது இந்தப் பயம் எங்கே இருந்தது? மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினேன். வந்துவிட்டது.

எழுத உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் பேனா கழிக்கப் பார்த்தது. நான் விடவில்லை. அறுபத்திரண்டரை என்று பெரிதாக எழுதினேன். ஊரார் நெல்லில் ஒரு கிலோ பிசகாமல் நிறுக்கும் நான், என் பலத்தில் மட்டும் இருபது கிலோவைக் கழித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.