ரெயில் போகும்போது மட்டும் ராசா

கணவர் கனடாவில், நான் கொழும்பு வெள்ளவத்தையில், விசா எங்கே என்று கடவுளுக்கே வெளிச்சம். போர்க்காலம்; வடக்கிலிருந்து வந்த தமிழர் பொலிஸில் பெயர் பதியவேண்டும். நானும் பதிந்துவிட்டு, ரெயில் பாதையோரத்து ஒழுங்கையொன்றில், ஓர் அறைக்குள் அடைகாக்கும் கோழிபோலக் கிடந்தேன். கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் வழியில் ஆமிக்காரர் அடையாள அட்டை கேட்பார்கள். தெருவை அடைத்து வீடுவீடாகத் தேடும் சுற்றிவளைப்பென்றால் பாணும் இல்லை. அந்த நாலு சுவரையும் நான் மனதார வெறுத்தேன்.

முன்பு அங்கே இருந்தவர் அலமாரியில் அட்டை கிழிந்த புத்தகமொன்றை விட்டுப் போயிருந்தார். கதைப்புத்தகம் என்று எடுத்தால், பழைய காலத்து நாடகங்கள். அதற்குள் கதையைச் சொல்லிக்கொண்டு போக ஒருவருமில்லை. ஆளுக்காள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எரிச்சலில் மூடிவைத்தேன். பிறகு வேறு கதியில்லாமல் எடுத்து, வாய்விட்டு வாசித்தேன். அவ்வளவுதான். கோட்டைக் கதவைத் திறக்கச் சொல்லி ராசா அதட்ட, காவலன் நடுங்க, அறைக்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். பேச ஆளில்லாமல் காய்ந்து கிடந்த எனக்கு அது விருந்து. ராசாவுக்கு அடித்தொண்டையில் குரல் கொடுத்தேன்.

இரண்டொரு நாளில் வீட்டுக்கார அன்ரி கதவைத் தட்டினார்.

"பிள்ளை, உள்ளுக்கு ஆர்?"

"ஒருத்தரும் இல்லை அன்ரி."

"பொய் சொல்லாதையும். ஆம்பிளைக் குரல் கேட்டது. பதிஞ்சது நீர் ஒராள்தான். அயலுக்குள்ளை ஆரும் பொலிசுக்குச் சொன்னா உம்மையும் ஜீப்பிலை ஏத்துவாங்கள், என்னையும் ஏத்துவாங்கள்."

குனிந்து கட்டிலுக்குக் கீழும் பார்த்தார். அந்த அறையை விட்டால் கொழும்பில் வேறு கூரை இல்லை; சண்டையால் ஊருக்குத் திரும்பப் பாதையும் இல்லை. புத்தகத்தை எடுத்து ராசாவை அவர் முன்னாலேயே அதட்டவைத்தேன். அன்ரி வாசலில் நின்றபடியே முழுக்கக் கேட்டார்.

"பிறகு, கதவைத் திறந்தவனோ?"

"இல்லை அன்ரி."

"ம்... நல்லாத்தான் இருக்கு. ஆனா சுவருக்கும் காதிருக்கு. ரெயில் போகேக்கை மட்டும் உம்மடை ராசா கத்தட்டும்."

அப்படியே நடந்தது. ராணிக்கும் காவலனுக்கும் கிசுகிசுப்பு. ராசாவோ பாதி வசனத்தில் வாயை மூடிக்கொண்டு அடுத்த ரெயிலுக்குக் காத்திருப்பார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வரும்.

விசா ஒருநாள் வந்தது. இப்போது கனடாவில் எனக்குப் பெரிய வீடு, அலமாரி நிறைய நாடகங்கள். பகலில் தனியாக இருக்கும்போது வாய்விட்டு வாசிப்பேன். ராசா கதவைத் திறக்கச் சொல்லும் இடம் வந்ததும் என் குரல் நின்றுவிடும், காது ரெயிலைத் தேடும். எங்கள் வீட்டுப் பக்கம் ரெயில் பாதையே கிடையாது.