பீரோக்காரர் போட்ட மேல்முறையீடு

பெற்றவர்கள் வைத்த பேர் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் பீரோக்காரர். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது தொழில். வாலிப வயதில் ஒரு இரும்பு பீரோவை முதுகில் பட்டை கட்டி நாலாவது மாடியிலிருந்து ஒற்றை ஆளாக இறக்கினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு வாஷிங் மெஷினோடு படிக்கட்டில் திரும்பும்போது இடுப்பில் 'டக்' என்றது. மெஷினுக்கு ஒரு கீறல் இல்லை. இவருக்குத்தான் முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்கிவிட்டது. கொஞ்ச நேரம் நின்றால் போதும், வலது கால் யாரோ இரவல் கொடுத்த கால் மாதிரி ஆகிவிடும். எப்போது மடங்கும் என்று அதற்கே தெரியாது. வேலை போயிற்று. துணி தேய்க்கும் கம்பெனியில் மனைவி ஒரு ஷிப்டை இரண்டாக்கினாள். இரண்டு வருஷம் ஓட்டினாள். அப்புறம் அவளுக்கு மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது.

"உடம்புக்கு முடியாதவங்களுக்கு கவர்மெண்ட் குடுக்கிற உதவித்தொகை வந்தா ரெண்டாவது ஷிப்டை விட்டுடுவேன். வரலைன்னா கையை விட்டுடுவேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மனுவை அவரே நிரப்பினார். அங்கேதான் வந்தது வினை. ஏற்றி இறக்குகிற தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் எதைக் காட்டி "இது வருமா?" என்று கேட்டாலும் "பாத்துக்கலாம் சார்" என்றுதான் சொல்ல வேண்டும். வராது என்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். முப்பது வருஷம் சொல்லிச் சொல்லி நாக்கு அப்படியே பழகிவிட்டது. 'எவ்வளவு எடை தூக்க இயலும்?' என்ற இடத்தில் 'பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று எழுதினார். 'எவ்வளவு தூரம் நடக்க இயலும்?' என்பதற்கு 'எங்கே போகணும்?' என்று எழுதினார். பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர், "குனிய முடியுமா?" என்றார். "பாத்துக்கலாம் டாக்டர்" என்று இவரும் குனிந்துவிட்டார். நிமிர்த்த இரண்டு பேர் வரவேண்டியிருந்தது. குனிந்ததை மட்டும் டாக்டர் குறித்துக்கொண்டார். நிமிர்வதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. 'விண்ணப்பதாரர் உழைக்கும் ஆர்வமும் தகுதியும் உள்ளவராகத் தெரிகிறார். எனவே மனு நிராகரிக்கப்படுகிறது.' கீழே ஒரு அழகான முத்திரை.

அரசாங்க ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த மச்சினன் மனுவின் நகலைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"மாமா, இது உதவி கேட்டு எழுதினதா, வேலை கேட்டு எழுதினதா? என் தம்பி இப்படி எழுதியிருந்தா அவனுக்கு எப்பவோ வேலை கிடைச்சிருக்கும்."

"பொய் எழுதச் சொல்றியாடா?"

"நீங்க எழுதினதுதான் பொய். மேல்முறையீடு போடுவோம். விசாரணையில எது கேட்டாலும் ஒரே பதில். முடியாது. அவ்வளவுதான்."

ஒத்திகை வீட்டிலேயே நடந்தது. மனைவி கையில் கரண்டியோடு அதிகாரியாக உட்கார்ந்தாள்.

"பத்து கிலோ தூக்க முடியுமா?"

"மு..."

"சொல்லுங்க."

"பத்து கிலோவாடி? கேவலமா இருக்கு. ஐம்பதுன்னு கேளு, முடியாதுங்கறேன்."

கரண்டி மேஜையில் ஓங்கி இறங்கியது. பத்து நாள் இப்படியே போனதில் ஒருவழியாக வாய் பழகியது. கொஞ்சம் அதிகமாகவே பழகிவிட்டது.

விசாரணை அன்றைக்கு அந்த ஆபீஸே வேறு கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. நடைபாதை முழுக்க கட்டுக்கட்டாக ஃபைல்கள். விசாரணை அறையில் மூன்று பேர். நடுவில் தலைவி அம்மா. இந்தப் பக்கம் ஒரு டாக்டர். அந்தப் பக்கம் இருந்தவர் எதற்காக இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. பிஸ்கட் தட்டு அவர் பக்கம் இருந்தது.

"உங்க பேரைச் சொல்லுங்க" என்றார் தலைவி.

"முடியாது" என்றார் பீரோக்காரர்.

மனைவி இடுப்பில் கிள்ளினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன், பேச முடியாதா?"

"முடியாதுங்க."

"பேச முடியாதுன்னு நல்லாவே பேசறார்" என்றார் டாக்டர். "மேடம், இது சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்த கேஸ். மறுபடியும் நிராகரிச்சிடலாம்."

தலைவி பேனாவை எடுத்தார். மனைவி தன் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து, மூலையில் இருந்த இரும்பு அலமாரியை எடுக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். இழுப்பறைகளைக் கழற்றாமல், பூட்டாமல், அப்படியே பிடித்துச் சாய்த்தார்கள். பீரோக்காரருக்கு உள்ளங்கை அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். மேல் இழுப்பறை வழுக்கி வெளியே வந்தது. பாரம் முன்னால் போனது. அலமாரி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவர் தலைக்கு நேராகச் சரிந்தது.

"டேய், கீழ பிடிடா!"

கத்திக்கொண்டே எழுந்து தோளைக் கொடுத்தார். இரண்டு மூச்சு நேரம் அலமாரி அவர் தோளில் நின்றது. அதற்குள் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் வலது கால் மடங்கி, பீரோக்காரர் ஃபைல் கட்டுகளுக்கு நடுவே குப்புற விழுந்தார்.

"பாத்தீங்களா, தாங்கினார்!" என்றார் டாக்டர்.

"விழுந்தாரே" என்றார் தலைவி.

"தாங்கினதை எழுதறதா, விழுந்ததை எழுதறதா?" என்று கேட்டார் ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த குமாஸ்தா. படிவத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது.

பீரோக்காரர் கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"எந்திரிக்காதீங்க" என்றாள் மனைவி.

"அசிங்கமா இருக்குடி."

"இருக்கட்டும். எழுந்து நின்னீங்கன்னா அதையும் எழுதிப்பாங்க. கையெழுத்து விழற வரைக்கும் கிடங்க."

ஆனால் அவர் எழ நினைத்தாலும் ஆகிற காரியமாக இல்லை. டாக்டர் வேண்டாவெறுப்பாகக் குனிந்து, பேனா முனையால் அவர் பாதத்தைக் குத்தினார்.

"வலிக்குதா?"

"எங்க குத்தறீங்க?"

டாக்டர் இன்னும் அழுத்திக் குத்தினார். பாதம் அசையவே இல்லை. இந்தத் தடவை ஒழுங்காக முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இப்படி எத்தனை நாளா?"

பீரோக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு வருஷமா. செருப்பு மாட்டியிருக்கேனா இல்லையான்னு குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். ஒரு நாள் கண்ணாடிச் சில்லு ஏறினது ராத்திரி வரைக்கும் தெரியலை."

மனைவிக்கே இது புதுச் செய்தி. கிள்ளிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அதுவரை வாயைத் தின்பதற்கு மட்டும் திறந்த மூன்றாமவர் முதல் தடவையாகப் பேசினார். "அந்த அலமாரி என் மேல விழுந்திருந்தா, நானும் இதே ஆபீஸ்ல மனு போட்டிருப்பேன். எனக்குக் கிடைச்சிருக்காது. எந்த இடத்துல கையெழுத்துப் போடணும், மேடம்?"

அவர் முதலில் போட்டார். தலைவி அடுத்துப் போட்டார். டாக்டர் பேனாவைத் துடைத்துவிட்டுப் போட்டார். விண்ணப்பதாரர் கையெழுத்துக்காகக் குமாஸ்தா தரையில் படுக்காத குறையாகக் குனிந்து ஃபைலை நீட்டினார்.

"உதவித்தொகை ஒரு வருஷத்துக்கு" என்றார் தலைவி. "அடுத்த வருஷம் மறுபரிசோதனைக்கு வரணும்."

"மறுபடி வந்து விழணுமாம்மா?"

"புதுக் கட்டடத்துல அலமாரியெல்லாம் சுவத்தோட சேத்து ஆணி அடிச்சிருக்கு" என்றார் மூன்றாமவர், வருத்தத்தோடு.

அலமாரி தூக்க வந்த ஆட்களே அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் படியிறக்கினார்கள். அவர்கள் பிடித்த பிடி சுத்தத் தப்பு. ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. பின்னால் அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த மனைவி, கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

"சார், இன்னையிலேருந்து ரெண்டாவது ஷிப்டுக்கு வரமாட்டேன்."

"என்னம்மா திடீர்னு? வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ஆமா சார்" என்றாள். "இன்னைக்குத்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க."