செல்லையா கொடுத்துவிட்டுப் போன கம்பி பிரஷ்

போன வியாழக்கிழமை பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு இன்லண்டு கடிதம் வந்தது. வெல்டர் செல்லையா அண்ணாச்சி போய்ச் சேர்ந்து பதினொரு நாள் ஆகிவிட்டது. அவர் மனைவி பாக்கியம் யாரையோ கொண்டு எழுதியிருந்தார். ஒரு தந்தி கொடுத்திருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கோபப்பட எனக்கென்ன யோக்கியதை என்பது அடுத்த வரியில் தெரிந்தது. அந்த வரியைப் பிறகு சொல்கிறேன்.

அவரோடு எஸ்டேட் பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். எனக்கு அது தெரிந்தது எழுபதுகள் பிறந்த புதிதில். பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் அணைக்கட்டுப் பூங்காவில் சிலைகள் வைத்தார்கள். நான் அங்கே ஓவர்சியர். கல்லிலும் சிமெண்டிலும் வந்தாயிற்று, இரும்பில் ஒன்று வேண்டும் என்றார் இஞ்சினியர். அண்ணாச்சி ஒரு லாரி பழைய இரும்போடு மலையிறங்கி வந்தார். கொழுந்து எடுக்கும் பெண்ணொருத்தியை இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்க வைப்பதாகச் சொன்னார்.

நின்று காட்டியது பாக்கியம்தான். "ஏ பாக்கியம், கல்யாண போட்டோவுக்கா நிக்க? கூடை கனக்குத மாதிரி நில்லுட்டி" என்று அவர் அதட்டுவார். "கூடையே இல்லாம எப்பிடிக் கனக்கும்? நீரு வந்து சொமந்து பாரும்" என்று அந்த அம்மாள் திருப்பிக் கொடுப்பார். முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருக்கட்டும் என்று இஞ்சினியர் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "கொழுந்து நிறுக்கதுக்கு வரிசையில கால் கடுக்க நிக்கவ சிரிக்க மாட்டா சார்" என்றார் அண்ணாச்சி.

வேலை முடிந்த அன்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பெயிண்டு மட்டும் அடிச்சிராதீங்க சார். ரெண்டு மழை விழட்டும். நம்ம தேயிலைச் சாயம் கணக்கா ஒரு நெறம் ஏறும். அந்த நெறம் ஏறினாத்தான் அவ பொம்பளையா ஆவா. அது வரைக்கும் இரும்புதான்."

"நானாச்சுங்க அண்ணாச்சி" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி நெஞ்சில் கை வைத்து வேறு சொன்னேன்.

திறப்பு விழாவுக்கு மந்திரி வருவதாக ஆயிற்று. மந்திரி வந்தால் எங்கள் ஆபீசில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அசையாமல் நிற்பதற்கெல்லாம் சுண்ணாம்பு. இரும்பாக இருந்தால் வெள்ளி பெயிண்ட். லிஸ்ட் எழுதியது நான். கேட்டு, கம்பி வேலி, விளக்குத் தூண் என்று எழுதிக்கொண்டே வந்தேன். கை நிற்கவில்லை. "இரும்பு உருவம் ஒன்று" என்றும் எழுதிவிட்டேன். ஒரு மழை விழுந்தால் துருப் பிடித்துவிடும். மந்திரி முகம் சுளித்தால் என் தலை உருளுமே என்று பயம். யாரும் அதை எழுதச் சொல்லவில்லை. இஞ்சினியருக்கு அந்த நினைப்பே இல்லை.

விழாவன்று அண்ணாச்சியும் பாக்கியமும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தார்கள். அண்ணாச்சி புதுச் சட்டை போட்டிருந்தார். உருவம் வெயிலில் எவர்சில்வர் பாத்திரம் போல மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் கால் விரலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"யாரு சார் அடிக்கச் சொன்னது?"

"மேலிடத்து உத்தரவுங்க அண்ணாச்சி."

பச்சைப் பொய். அதைக் கேட்டு அவர் என்னைத்தான் தேற்றினார். "அப்ப நீங்க என்ன செய்வீங்க, பாவம்." பையிலிருந்து தன் கம்பி பிரஷை எடுத்துக் கொடுத்தார். "உத்தரவு மாறும்போது தேய்ச்சு விட்டுருங்க சார்."

ஒவ்வொரு பொங்கலுக்கும் அவரிடமிருந்து கார்டு வரும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "உத்தரவு வந்ததா?" நானும் சளைக்காமல் பதில் போட்டேன், "இன்னும் வரவில்லை" என்று. உண்மையை எழுதிக் கிழித்த கார்டுகளும் உண்டு. பள்ளிவாசல் என்ன சீமையிலா இருக்கிறது? ஒருநாள் போய் நேரில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பாக்கியம் எழுதியிருந்த வரி இது: "ஓவர்சியர் சாரை யாரும் குத்தம் சொல்லப்பிடாது, அவரு நம்ம ஆளு என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்."

மறுநாள் காலையில் பிரஷை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். உருவம் உயரமான பீடத்தில் நிற்பதால் கைக்கு எட்டியது பாதம்தான். அரைமணி நேரம் தேய்த்தும் உள்ளங்கை அகலம்தான் வந்தது. அடியில் இரும்பு, அவர் விட்டுப் போன மாதிரியே இருந்தது. ஒரு மழைகூட அதைத் தொட்டிருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"ஏனுங்க சார், என்ன பண்றீங்க? ஆரு தேய்க்கச் சொன்னாங்க?"

"ஆரும் சொல்லலீங்க."

அவர் விழித்தார். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் சொன்னேன்: "அன்னைக்குப் பெயிண்ட் அடிக்கறதுக்கும் ஆரும் சொல்லலீங்க. நானாத்தான் எழுதினேன்."

அண்ணாச்சியிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அவருடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது அந்தப் பிரஷ் ஒன்றுதான். அதன் கம்பிப் பல் தேய்ந்துவிட்டது. ஏணி வைத்துத் தேய்த்து, இன்றைக்கு முழங்கால் வரைக்கும் வந்திருக்கிறேன்.