நான் சொன்னா அசை

அர்னெட்டா டில்லார்டின் தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதே இல்லை. மெம்ஃபிஸில், ஆரஞ்ச் மவுண்ட் பகுதியின் தொடக்கப்பள்ளிக்கு முன்னால் ஒரு நாற்சந்தி. காலையிலும் மாலையிலும் அங்கே நின்று பிள்ளைகளைச் சாலையின் அந்தப் பக்கம் சேர்ப்பது அவள் வேலை. மஞ்சள் மேல்சட்டை, வெள்ளைக் கையுறை, ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகை எல்லாம் நகராட்சி கொடுத்தவை. குரல் மட்டும் அவளுடைய சொந்தம்.

“ஒருத்தரும் அசையாதே! நான் சொன்னா அசை!”

அவ்வளவுதான். ஷூ கயிற்றை மிதித்துக்கொண்டு ஓடிவரும் வாலுகள்கூட நடைபாதை விளிம்பில் அப்படியே நின்றுவிடும். ஒருமுறை தபால் வண்டிக்காரர் கதவைத் திறந்தபடி ஒரு காலை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றார். “உங்களை இல்லைங்க, நீங்க போங்க” என்று சிரித்தாள். அவர் மகள் படித்த காலத்திலும் அர்னெட்டாதான் அந்த முனையில் நின்றாளாம், பழக்க தோஷம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வெள்ளைக் கையுறையோடு தேவாலய வாசலில் நின்று வருகிறவர்களை உட்கார வைப்பாள். புருஷன் டெட்ராய்ட்டுக்குப் போனவன், போனவன்தான். இருப்பது ஒரே மகன், கெண்டேரியஸ். குழந்தையில் சட்டைப் பொத்தானை விழுங்கி ஆஸ்பத்திரியையே ஒரு கலக்கு கலக்கியதால் தெருவில் அவனுக்குப் ‘பட்டன்’ என்று பெயர். இப்போது பத்தொன்பது வயது. விமான நிலையப் பார்சல் கிடங்கில் இரவெல்லாம் பெட்டி தூக்குகிறான். சின்ன வயதிலிருந்தே இழுப்பு நோய் உண்டு. கிடங்கின் தூசியில் அது கூடிவிட்டது. விடிந்து வீட்டுக்கு வந்து அவன் மூச்சு இழுப்பது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் அர்னெட்டாவுக்குக் கேட்கும். அவன் இன்ஹேலரை உறிஞ்சும் சத்தம் வரும்வரை அவளுக்கு அவள் மூச்சு வராது.

குளிர் விடத் தொடங்கிய ஒரு காலையில் பட்டன் நாற்சந்திக்கு வந்தான். வேலை முடித்த களைப்போடு, கையில் அவளுக்கு ஒரு கோப்பைக் காப்பி. அர்னெட்டாவுக்கு வாயெல்லாம் பல். அம்மா மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நடுத்தெருவில் நிற்பது பள்ளியில் படித்த காலமெல்லாம் அவனுக்கு வெட்கம். இன்று தானாக வந்து எதிர்ப்பக்கச் சுவரில் சாய்ந்து அவள் வேலை செய்வதைப் பார்க்கிறான். அவளும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நெஞ்சை நிமிர்த்திக் கத்தினாள். மகன் பார்க்கிறானே! அவன் கையிலிருந்த போனை அவள் கவனிக்கவில்லை.

பிறகு சில வாரங்கள் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை, “நான் சொன்னா அசை!” என்று அவள் முடித்ததும் நடைபாதையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் இரண்டு காலையும் சேர்த்து ஒரே குதியாகச் சாலைக்குள் குதித்தார்கள். குதித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து இரண்டு அதட்டுப் போட்டாள். மறுநாளும் குதித்தார்கள். அதட்டினால் அந்த அதட்டலையும் அவளைப்போலவே சொல்லிக் காட்டினார்கள்.

ஞாயிறன்று வழிபாடு முடிந்து எல்லோரும் கோழி வறுவல் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது சிஸ்டர் குளோடீன் பக்கத்தில் நெருங்கி வந்தாள். அந்தச் சபையில் பெண்கள் எல்லோருமே ஒருவருக்கொருவர் ‘சிஸ்டர்’தான். அவர்களில் யார் வீட்டில் என்ன கருகினாலும் முதலில் குளோடீன் மூக்குக்குத்தான் தெரியும்.

“சிஸ்டர் டில்லார்ட், கோவிச்சுக்காதீங்க. இது உங்க குரல்தானே?”

போனில் ஒரு ராப் பாட்டு. அதில் பாடுகிற பையன் கூட்டாளிகளோடு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குள் நுழைகிறான். வாயைத் திறந்தால் வருவதெல்லாம் தேவாலயத்தில் உட்கார்ந்து கேட்கக் கூடாத வார்த்தைகள். இசை சட்டென்று நிற்கிறது. அந்த அமைதியில் அர்னெட்டாவின் குரல்: “ஒருத்தரும் அசையாதே! நான் சொன்னா அசை!” ‘அசை’ என்றதும் மத்தளம் இடியாக இறங்குகிறது, பிள்ளைகள் குதித்த அதே இடத்தில். பிள்ளைகளைக் காப்பாற்றுகிற சொல், கொள்ளைக்காரன் சொல்லாகிவிட்டது. பாடுகிற பையன் யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரிக்கு வரி மூச்சு வாங்குகிற இடம் அவளுக்கு மனப்பாடம்.

“நல்லாத்தான் இருக்கு, மெட்டு” என்றாள் குளோடீன். அர்னெட்டாவுக்கு நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது.

அன்று மாலை பட்டன் எழுந்து சமையலறைக்கு வந்தபோது அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏன்டா, என் தொண்டையையே திருடிட்டியா?”

“திருடலம்மா. ரெக்கார்டு பண்ணேன்.”

“என்கிட்ட கேட்டியா?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கல.”

“அன்னைக்குக் காப்பி வாங்கிட்டு வந்தியே, அது?”

பட்டன் தலையைக் குனிந்துகொண்டான். மற்ற எதையும்விட அந்தக் காப்பிதான் அவளுக்கு நெஞ்சை அறுத்தது.

“துப்பாக்கியாம், கடைக்குள்ள போறானாம். கரப்பான்பூச்சியைப் பார்த்தா கட்டில்மேல ஏறுற பயல்!”

“அது பாட்டும்மா. அதுல வர்றவன் நான் இல்ல.”

“நீ இல்ல, சரி. அதுல கத்துறது நான்தானே? நானும் பாட்டாடா?”

ராப் என்றாலே காதைப் பொத்துகிற ரகம் இல்லை அர்னெட்டா. அவள் இளவட்டமாக இருந்தபோது இதே மெம்ஃபிஸில் காரின் டிக்கியைத் திறந்து வைத்து ராப் கேசட் விற்பார்கள். சக்கர ஷூ மாட்டிச் சறுக்குகிற அரங்கில் அந்தப் பாட்டுகளுக்கு அவள் போட்ட ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் விலகி நிற்கும். ஒருநாள் அவள் அப்பா எல்லா கேசட்டையும் வாசற்படியில் கொட்டிச் சுத்தியலால் ஒவ்வொன்றாக உடைத்தார். அவள் ஒருவரையும் சுடவில்லை, ஒரு கடையையும் கொள்ளையடிக்கவில்லை. ஆனால் அப்பாவோடு அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. தன் பிள்ளைக்கு இந்தச் சுத்தியலைக் காட்டுவதில்லை என்று அன்றே தீர்மானித்துவிட்டாள். பெற்றவர்கள் கண்டிக்காததால்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று மேடை போட்டுப் பேசுகிற ஆசாமிகள் அவள் சமையலறையில் ஒரு நிமிஷம் நின்று பார்த்திருக்க வேண்டும்.

ஏனென்றால் விஷயம் இன்னும் இருந்தது. அட்லாண்டாவில் ஒரு கம்பெனி அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளத் தயார். பட்டனை வைத்து இன்னும் பாட்டு போடவும் தயார். ஆனால் குரலுக்கு உரியவள் போனில் ‘சம்மதம்’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாட்டை இணையத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள், பேச்சும் முடிந்தது.

“கிடங்கை விட்டு வெளிய வந்துடலாம்மா. அந்தத் தூசியில இன்னொரு குளிர்காலம் என்னால முடியாது. நீ கேட்டுட்டுதானே படுத்திருக்க?”

“வேற யார் குரலையாவது போடு.”

“போட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் நிக்கல.”

அவன் வேலைக்குப் போனபின் அவள் அந்தப் பாட்டைத் தனியாகக் கேட்டாள். பிடிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் மேசைக்கு அடியில் கால் தாளம் போட்டது. தன் காலையே அவள் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து நாற்சந்தியில் வாயைத் திறப்பதை விட்டுவிட்டாள். பலகையைத் தூக்குவாள், கையைக் காட்டுவாள், கண்ணால் முறைப்பாள். “மிஸ் நெட்டா, ஒரே ஒரு தடவை சொல்லுங்க! ப்ளீஸ் மிஸ் நெட்டா!” என்று பிள்ளைகள் கெஞ்சும். தொண்டை கட்டிவிட்டது என்று சைகை செய்வாள். கடைக்குப் போனால் பணம் வாங்குகிற பெண் அவள் காதுபடப் பாடினாள். பேருந்தில் ஏறினால் பின் இருக்கைக்காரன் கையைத் தூக்கிக்கொண்டு, “சுட்டுடாதீங்கம்மா” என்றான். அவள் வாய் திறந்தால் எல்லோரும் அந்த ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார்கள். வீட்டில் மகன் இன்னொரு சொல்லுக்காகக் காத்திருந்தான். நல்ல தொண்டையை வைத்துக்கொண்டு ஊமையாகிவிட்டாள் அர்னெட்டா.

அது நடந்தது ஒரு மழை நாளில். ஒரு சரக்கு லாரியை அவள் பலகையால் மறித்துக்கொண்டிருந்தபோது பின்பக்கம் ஒரு பிக்கப் வண்டி வளைவில் வேகமாகத் திரும்பியது. முதல் வகுப்பு ஸாரியா ஒரு காலைச் சாலையில் வைத்துவிட்டாள். கைக்கு எட்டாத தூரம். அர்னெட்டாவிடம் மிச்சம் இருந்தது குரல்தான். இத்தனை வருஷப் பழக்கம், அவளைக் கேட்காமலே வாயிலிருந்து பாய்ந்தது:

“ஒருத்தரும் அசையாதே! நான் சொன்னா அசை!”

முதல் பாதிக்குப் பிள்ளைகள் சிலையாக நின்றார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடைசிச் சொல்லும் கூடவே வந்துவிட்டது. நடைபாதை முழுதும் குதித்தது. ஸாரியாவும் குதித்தாள். பிக்கப் வழுக்கிக்கொண்டு வந்து நின்றபோது அதன் சக்கரத்தின் அடியில் ஸாரியாவின் சாப்பாட்டுப் பை இருந்தது. ஸாரியாவுக்கு ஒரு கீறலும் இல்லை. அர்னெட்டா அவளை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிக்கப்காரன் இறங்கி வந்து வண்டியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான்.

பள்ளி நூலகத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். உள்ளே போகும் முன் நகராட்சியில் அவளுக்கு மேற்பார்வையாளரான பெட்டஸ் அவளைத் தனியே அழைத்தார். நல்ல மனிதர்.

“மிஸ் அர்னெட்டா, ‘எனக்குத் தெரியாது, என்னைக் கேக்காம எடுத்துட்டாங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தப் பாட்டை நீக்க வெச்சிடலாம். உங்க வேலை உங்களுக்கு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

உள்ளே ஸாரியாவின் அம்மா ஷனீஸ் எழுந்து நின்றாள். அர்னெட்டா சாலை கடத்தி வளர்ந்த பெண்களில் அவளும் ஒருத்தி.

“மிஸ் நெட்டா, நீங்க சத்தம் போட்டா நாங்க நிப்போம். எங்க பிள்ளைங்களும் நிப்பாங்கன்னு நம்பித்தான் தனியா அனுப்புறோம். அந்தக் குரலைப் போய்… நீங்க குடுத்தீங்களா, இல்ல உங்க பையன் கேக்காம எடுத்தானா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்.”

பட்டன் கதவோரம் நின்றிருந்தான். அம்மா கூப்பிடாமலே வந்திருந்தான். அர்னெட்டா அவனைத் திரும்பிப் பார்த்தாள். ‘நான்தான் கேக்காம எடுத்தேன்’ என்று அவன் சொல்லிவிட்டால் போதும். அவன் வாய் திறந்தது. அவளுக்கு உயிர் வந்தது. பிறகு அந்த வாய் மூடிக்கொண்டது. இன்ஹேலரை எடுத்து ஒருமுறை உறிஞ்சிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

“ஆமா. நான்தான் குடுத்தேன்” என்றாள் அர்னெட்டா.

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

பெட்டஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையில் யாரோ, “பெத்தவளே இப்படின்னா பிள்ளை எப்படி இருக்கும்?” என்றார்கள். அவள் மஞ்சள் மேல்சட்டையைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தாள். கையுறை தேவாலயத்துக்கும் ஆகும் என்று எடுத்துக்கொண்டாள். ஆனால் தேவாலய வாசலில் நிற்கவும் அதற்குப் பிறகு அவளை யாரும் அழைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் மகன், “அம்மா, நான் சொல்லத்தான் வந்தேன்” என்றான். “தெரியும்” என்றாள். அட்லாண்டா கம்பெனிக்காரி போனில் கேட்டபோது பெயரையும் சம்மதத்தையும் தெளிவாகச் சொன்னாள். அந்தப் பெண், “கொஞ்சம் சத்தமா, இன்னொரு தடவை சொல்றீங்களா?” என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள். பட்டன் கிடங்கை விட்டுவிட்டு அட்லாண்டாவுக்குப் போனான். அங்கே இழுப்பு குறைந்திருப்பதாகச் சொல்கிறான். அது பொய்யாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வதைத் தவிர அவள் ஒன்றும் செய்வதற்கில்லை.

இப்போது அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. இயந்திரங்களின் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. போகிற பேருந்து பழைய நாற்சந்தி வழியாகத்தான் போகும். வழக்கமாக அந்த இடம் வந்ததும் மறுபக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒருநாள் பேருந்து அங்கேயே நின்றுவிட்டது. வெளியே அவளுடைய குரல் கேட்டது.

“ஒருத்தரும் அசையாதே!”

திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் சட்டையில் மீசை அரும்பிய ஒரு இளைஞன். கத்தினால் கீச்சிடும் என்று பார்த்தாலே தெரிகிற ஒல்லித் தொண்டை. ஒரு கையில் பலகை, இன்னொரு கையில் சின்ன ஸ்பீக்கர். நடைபாதையில் பிள்ளைகள் மூச்சுகூட விடாமல் சிலையாக நின்றார்கள், அவள் காலத்தில்கூட அப்படி நின்றதில்லை. ஸாரியா ஒற்றைக் காலில் நின்றாள். பக்கத்தில் ஷனீஸ், காப்பிக் கோப்பையோடு, அந்த இளைஞனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பயல் கெட்டிக்காரன். கடைசிச் சொல் வருவதற்கு முன்னால் பாட்டை நிறுத்திவிட்டான். வண்டிகள் போய் முடிந்ததும் கையை மட்டும் ஆட்ட, பிள்ளைகள் ஒழுங்காக வரிசையில் நடந்து போனார்கள். பேருந்தும் கிளம்பியது.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது, ஆட்கள் இறங்கினார்கள், கதவு மூடியது. அர்னெட்டா இறங்காமல், கைப்பையை மடியில் பிடித்தபடி, ‘அசை’ என்ற அந்தக் கடைசிச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.